ஒன்பது பத்துக்குக் கிளம்பி ஒன்பது பத்துக்குச் சேர்ந்த கதை

தூரம் என்பது சாமானியர்கள் நினைப்பதுபோல் தரையிலோ வானத்திலோ கிடக்கும் பொருள் அல்ல. அது பதிவேட்டில் இருக்கிறது. பதிவேடு எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அலுவலகத்தின் பெயர் தூர நிர்ணய இயக்குநரகம். மூன்றாம் மாடி. லிப்ட் இரண்டாம் மாடி வரைதான் வரும்.

நாட்டில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம் என்று நாங்கள் எழுதி முத்திரை குத்த வேண்டும். அதன் பிறகுதான் அது தூரம். அதுவரைக்கும் வெறும் இடைவெளி. அரசு ஊழியர் ஒருவர் வெளியூர் போனால் அவருக்குப் பயண நேரம் எத்தனை என்று பார்ப்பது எங்கள் பதிவேட்டைத்தான். முப்பத்தோரு வருஷமாக அதை எழுதியவன் நான். தலைமை எழுத்தர்.

எங்கள் சுவரில் தென்கிழக்கு ஆசிய வரைபடம் ஒன்று தொங்கும். அதில் எங்கள் நகரம் ஒரு புள்ளி. கடலைத் தாண்டி மேற்கே இன்னொரு நகரம், இன்னொரு புள்ளி. நடுவில் யாரோ எப்போதோ டீ சிந்திய கறை. இரண்டும் ஒரே நாடுதான். ஆனால் கடிகாரம் வேறு. இங்கே பத்து மணி என்றால் அங்கே ஒன்பது. ரொம்ப காலம் அங்கே போக வர கப்பல்தான். முப்பது மணி நேரம் என்பார்கள். கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை என்பதால் அந்த ஒரு மணி நேர வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வருஷம் நேர் விமானம் விட்டார்கள். விமானக் கம்பெனி கால அட்டவணை அனுப்பியது.

போக: கிளம்புவது 9.10. சேர்வது 9.10.

திரும்ப: கிளம்புவது 11.00. சேர்வது 1.00.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பறப்பது ஒரு மணி நேரம். போகும்போது அங்கத்திய கடிகாரம் ஒரு மணி குறைத்துக்கொள்கிறது. வரும்போது நம் கடிகாரம் ஒரு மணி கூட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூடம் போன யாருக்கும் புரியும். ஆனால் எங்கள் பதிவேட்டில் பள்ளிக்கூடத்தை வைத்து எழுத முடியாது. பாரம் பதினொன்று என்கிற படிவத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

பாரம் பதினொன்றில் மூன்று கட்டம். கிளம்பிய நேரம். சேர்ந்த நேரம். இரண்டையும் கழித்தால் வருவது பயண நேரம். இந்தப் பாரத்தை வரைந்தவனும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ்களுக்காக. பஸ் கடலைத் தாண்டாது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கழித்தேன். பூஜ்யம் வந்தது.

வான்வழித் தூரத்தை நாங்கள் அளப்பதில்லை. டேப்பை அங்கே யார் பிடிப்பது? பயண நேரத்தை நிலையான வேகத்தால் பெருக்குவோம். மணிக்கு அறுநூறு கிலோமீட்டர். பூஜ்யத்தை அறுநூறால் பெருக்கினேன். சந்தேகத்துக்குக் கால்குலேட்டரிலும் போட்டுப் பார்த்தேன். போகும் தூரம் பூஜ்யம். திரும்பும் தூரம் ஆயிரத்து இருநூறு. பென்சிலால் எழுதி இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

இயக்குநர் சின்ன வயசு. நிர்வாகப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். வந்ததும் அவர் அறையிலிருந்த நாற்காலிகளை வெளியே போட்டார். உட்கார்ந்தால் மூளை தூங்கிவிடுமாம். அதனால் கூட்டம் எல்லாம் நின்றுகொண்டுதான். கையில் ஒரு கடிகாரம் கட்டியிருப்பார். அது நேரம் காட்டாது. எத்தனை அடி நடந்தார் என்று காட்டும். சுவர் முழுக்கக் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருப்பார். மஞ்சள் என்றால் யோசனை. பச்சை என்றால் நல்ல யோசனை. ரோஸ் நிறம் சாதனைக்கு. அந்தக் கட்டு பிரிக்காமலே இருந்தது.

"என்ன இது, பூஜ்யம்?" என்றார், நடந்துகொண்டே.

"பாரப்படி வருது சார். ஆனா அங்க கடிகாரம் ஒரு மணி பின்னாடி. நிஜமா பார்த்தா ஒரு மணி நேரம் பறக்குது."

"நிஜமாங்கிறதுக்குப் பாரத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"பாரத்தை யார் போட்டது?"

"நான்தான் சார்."

"அப்பக் கட்டத்தை விட்டது நீங்க. இப்பக் கட்டம் சேர்க்கணும்னா குழு போடணும். குழு போட அனுமதி கேட்கணும். அனுமதி கேட்கிறதுக்கு ஒரு பாரம் இருக்கும். அதுல எந்தக் கட்டம் இல்லையோ, யாருக்குத் தெரியும்?"

"போகவர ரெண்டையும் கூட்டிச் சராசரி போட்டா அறுநூறு கிலோமீட்டர் வருது சார். உண்மைத் தூரமும் கிட்டத்தட்ட அதுதான்."

அவர் நின்றார். கடிகாரமும் எண்ணுவதை நிறுத்தியிருக்கும்.

"சராசரி. இந்த ஆபீசுக்கே இருக்கிற வியாதி அதுதான். ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்கு நேரமே ஆகாமப் போகலாம்னு உங்க கையாலயே எழுதிட்டு வந்திருக்கீங்க. உலகத்துல எந்த நாட்டுலயாவது இப்படி ஒரு வழி இருக்கா? போன வருஷ அறிக்கையில சாதனைன்னு ஒரு பக்கம் காலியா விட்டோம், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பூ வரைந்து அனுப்பினோம்.

ரோஸ் கட்டைப் பிரித்தார். முதல் சீட்டில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டுச் சுவரில் ஒட்டினார். "மையில எழுதுங்க" என்றார்.

எழுதினேன். அரசாணை வெளியாயிற்று. மேற்படி இரு நகரங்களுக்கிடையே போகும் வழிப் பயண நேரம் பூஜ்யம், தூரம் பூஜ்யம் என இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது.

அந்த சகலரில் எங்கள் தபால் பிரிவு அம்மாவும் ஒருத்தி.

தபால் அம்மா இருபது வருஷமாக எங்கள் கடிதங்களைப் பையில் போட்டு ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவள். வாய் கொஞ்சம் நீளம். கால் அதைவிட நீளம். அந்த வருஷம் படியில் வழுக்கி அந்தக் காலை உடைத்துக்கொண்டாள். லிப்ட் இல்லாத அந்த ஒரு மாடியில்தான். இருந்த லீவெல்லாம் காலோடு போயிற்று. லீவு தீர்ந்தும் மூன்று நாள் வரவில்லை என்று ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அதுதான் விதி.

அவள் ஒரே மகள் கடலுக்கு அந்தப் பக்க நகரத்தில் இருந்தாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை. நாற்பது நாளைக்குக் கரை தொடமாட்டான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தபால் அம்மா தன் கைப்பணத்தில் புதன்கிழமை விமானத்துக்கு டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு, விடுப்பு எழுத்தரிடம் போய் நின்றாள். என் மேசைக்கு அடுத்த மேசை. எல்லாம் என் காதில் விழுந்தது.

விடுப்பு எழுத்தருக்கு நாங்கள் வைத்த பேர் சிவப்பு மை. எதைப் படித்தாலும் அடிக்கோடு போடுவார். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே மூன்று இடத்தில் போட்டார் என்று சொல்வார்கள். கெட்டவர் இல்லை. விதியைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

"லீவு கணக்குல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

"லீவு கேட்கல தம்பி. குடும்ப மருத்துவ அவசரம்னு சிறப்பு அனுமதி இருக்கே, அதைக் கொடு."

"இருக்கு. நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். அதோட பயண நேரம். டாக்டர் என்ன எழுதியிருக்கார்? ஆபரேஷன் ஒரு மணி நேரம். சரி. பயணம் போக..." பதிவேட்டைப் புரட்டினார். "பூஜ்யம். திரும்ப ரெண்டு மணி. ஆக மூணு மணி நேரம் அனுமதிக்கலாம்."

"மூணு மணி நேரமா?"

"பாருங்க. வியாழக்கிழமை ஒன்பது பத்துக்குக் கிளம்புறீங்க. ஒன்பது பத்துக்கே அங்க சேர்ந்துடுறீங்க. பத்து மணிக்கு ஆபரேஷன் ஆரம்பம். பதினோரு மணிக்குக் குழந்தையைப் பார்க்குறீங்க. பதினோரு மணி விமானத்துல ஏறுறீங்க. ஒரு மணிக்கு இங்க. மத்தியானச் சாப்பாடு நம்ம ஆபீஸ்லயே சாப்பிடலாம்." அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. இவ்வளவு அழகாகப் பொருந்திய மனுவை அவர் பார்த்ததே இல்லை.

"தம்பி, விமானத்துல இருந்து இறங்கவே அரை மணி ஆகும்."

"இறங்குறது பதிவேட்டுல இல்லம்மா."

"பெத்தவளை அப்படியே போட்டுட்டு வந்துடணுமா? பச்ச உடம்பை யாரு பார்க்கிறது?"

"அது நிகழ்ச்சிக்குப் பிற்பட்டது."

"நான் சொல்லாமப் போனா?"

சிவப்பு மை பேனாவை மூடினார். "அனுமதியின்றிப் பணிக்கு வராதவர். ரெண்டாவது தடவை. நானேதான் எழுதணும். எழுதிடுவேன்மா. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். நேரே என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தப் பூஜ்யத்தை எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"அழிச்சிடுங்க."

"மையில எழுதியாச்சும்மா."

"ஆஸ்பத்திரியில என் பொண்ணு பேருக்குப் பக்கத்துல 'துணைக்கு ஆள் இல்லை'ன்னு எழுதியிருக்காங்களாம். போன்ல சொல்லிச் சிரிக்கிறா. அதுவும் மையிலதான் எழுதியிருப்பாங்க, இல்லண்ணே?"

சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். உடைந்த காலை ஒவ்வொரு படியிலும் பார்த்துப் பார்த்து வைத்தாள். எனக்கு அன்று வந்த டீ மேசையிலேயே ஆறிற்று.

நான் யாருக்கும் உதவி செய்கிற ஆள் இல்லை. ஆனால் என் கையால் எழுதிய பூஜ்யம் உறுத்திக்கொண்டே இருந்தது. அலமாரியிலிருந்து தபால் விதிகளை எடுத்தேன். தூசி தட்டினேன். மூன்று மணிக்கு அந்த இடம் அகப்பட்டது. எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் அலுவலகத்துக்குப் போகும் கடிதம் உள்ளூர்க் கடிதம். உள்ளூர்க் கடிதத்தைத் தபால் பிரிவு ஊழியர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துப் பட்டுவாடாப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு லீவும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். அது பணி.

அந்தப் பக்க நகரத்தில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. ஒரு குறிப்பு எழுதினேன்.

"பார்வையில் காணும் அரசாணையின் நகல் மேற்படி கிளைக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டியுள்ளது. மேற்படி கிளை பூஜ்யம் கிலோமீட்டர் தூரத்தில் அமைந்துள்ளபடியால் உள்ளூர் எனக் கருதத்தக்கது. தபால் பிரிவு ஊழியர் நேரில் சேர்ப்பிக்கலாம். அவர் தலைமையிடத்தை விட்டு வெளியேறியதாகக் கொள்ளப்படமாட்டார். ஆணைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது."

இயக்குநர் நின்றபடி படித்தார். பிறகு நடந்தபடி படித்தார்.

"உள்ளூர்!" என்றார். "இது எனக்குத் தோணவே இல்ல. ஒரு ஊரையே தூக்கி நம்ம வாசல்ல வெச்சிட்டோம், இல்ல?" இன்னொரு ரோஸ் சீட்டு எடுத்தார்.

விஷயம் கேள்விப்பட்டு சிவப்பு மை ஓடிவந்தார். "சார், ஒரு சின்ன ஆட்சேபணை. நடுவுல கடல் இருக்கு."

"கடலுக்குப் பதிவேட்டுல எவ்வளவு தூரம் போட்டிருக்கு?"

சிவப்பு மை பார்த்தார். கடைசி வரைக்கும் பார்த்தார். "கடல்னு ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப குறுக்க நிக்காதீங்க."

புதன்கிழமை காலை தபால் அம்மா பையும் பட்டுவாடாப் புத்தகமும் குடையுமாகக் கிளம்பினாள். உள்ளூர்ப் பணி என்பதால் குடை கொண்டுபோகலாம். என் மேசையில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிரித்தால் நாலு பிஸ்கட்.

இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். அன்றைக்கென்று நேரம் காட்டுகிற கடிகாரம் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கியிருந்தார். சரியாக ஒன்பது பத்துக்கு, "சேர்ந்துட்டாங்க!" என்றார். கை தட்டினோம். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் விமான நிலையம் தெரியும். விமானம் அப்போதுதான் ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இயக்குநர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். கை தட்டி முடித்த பிறகு அது கிளம்பிற்று. நாங்கள் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அண்ணே, பேத்தி. ரெண்டு முக்கால் கிலோ. மயக்கம் தெளிஞ்சதும் பொண்ணு என் கையைத்தான் முதல்ல பிடிச்சா."

"சரி" என்றேன். அன்று ஒரு நாள் அந்தப் பூஜ்யத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிஸ்கட்டையும் தின்றேன்.

ஒரு வாரம் இருக்கட்டும், பிறகு மெதுவாக வரச்சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் இயக்குநர் கண்ணில் பதிவேட்டின் அடுத்த வரி பட்டுவிட்டது.

"போறதுக்குப் பூஜ்யம். வரதுக்கு ஏன் ரெண்டு மணி?"

"சார், அதான் அன்னைக்கே சொன்னேனே..."

"கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்க."

விமானக் கம்பெனிக்காரர் வந்தார். உட்கார நாற்காலி தேடினார். கிடைக்கவில்லை.

"திரும்பி வரும்போது உங்க விமானி என்ன பண்றார்?"

"ஓட்டுறார் சார்."

"அதே விமானம். அதே விமானி. அதே வழி. போகும்போது இருக்கிற சுறுசுறுப்பு வரும்போது ஏன் இல்ல?"

"சார், அங்க கடிகாரம் ஒரு மணி..."

"கடிகாரத்தைப் பத்தி நான் கேட்கல. அது வேற துறை. நேரத்தைப் பத்திக் கேட்கிறேன்."

கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்திலிருந்த டீக்கறையைப் பார்த்தேன்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்று அவர் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நல்ல மனுஷர், புரிந்துகொண்டார்.

சாயங்காலமே ஆணை வந்தது. திரும்பும் வழியிலுள்ள மந்தநிலை சீர்செய்யப்படும் வரை, அரசு ஊழியர் எவரும் அவ்வழியாகத் திரும்புவது அங்கீகரிக்கப்படமாட்டாது. கீழே இயக்குநரின் கையெழுத்து.

தபால் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"கோவப்படணும்னு பார்க்கிறேன்ண்ணே. வரமாட்டேங்குது."

"கையெழுத்து வாங்கிட்டியா?"

"யாருகிட்ட வாங்க? கிளை அதிகாரி ஓய்வு பெற்று ரெண்டு மாசம் ஆச்சாம். இடம் காலி. ஆபீஸ்ல ஒரு மேசை, ஒரு சுவர்க்கடிகாரம், அவ்வளவுதான். தினமும் காலையில எட்டரைக்குப் போய், கையெழுத்துப் போட யாராவது வராங்களான்னு உட்கார்ந்திருக்கேன். மத்தியானம் வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டுறேன்."

விதிப்படி சரிதான். கடிதம் கொடுபடாத வரை அவள் பணியில்தான் இருக்கிறாள். சிவப்பு மையும் பார்த்துவிட்டுத் தினம் 'உள்ளூர்ப் பட்டுவாடாவில்' என்று எழுதினார். ஐந்து வாரம் எழுதினார்.

அந்த ஐந்து வாரத்தில் எங்கள் சாதனை மேலிடத்துக்கு எட்டியது. மேலிடத்தில் அந்த வருஷத்து மோஸ்தர் இணைப்பு. எதைப் பார்த்தாலும் பக்கத்திலிருப்பதோடு சேர்த்துக் கட்டுவார்கள். மீன் துறையையும் நூலகத் துறையையும் இணைத்த கை இன்னும் ஓயவில்லை. இரண்டு அலுவலகம் பூஜ்யம் கிலோமீட்டரில் இருக்கிறது என்று எங்கள் முத்திரையோடு தாள் வந்தால் சும்மா இருப்பார்களா?

திங்கட்கிழமை காலை ஆணை வந்தது. தபால் அம்மா இல்லாததால் நானே பிரித்தேன். இயக்குநர் எல்லோரையும் கூட்டி நிற்கவைத்தார். பாராட்டுக் கடிதம் என்று நினைத்து ரோஸ் சீட்டு கையில் வைத்திருந்தார். சிவப்பு மையைப் படிக்கச் சொன்னார்.

"ஒரே இடத்தில் இரு அலுவலகங்கள் இயங்குவது வீண் என்பதால், தூர நிர்ணய இயக்குநரகம் மேற்படி கிளையுடன் இணைக்கப்படுகிறது. ஊழியர் அனைவரும் கிளையில் பணியில் சேர வேண்டியது. பயண நேரம் பதிவேட்டின்படி. குறித்த நேரத்தில் அங்கே பணியிலிருக்கும் மூத்த ஊழியர் அலுவலகப் பொறுப்பை ஏற்பார்."

சிவப்பு மை நிறுத்தினார். ஆணை வாங்கிக் கையெழுத்துப் போட்ட நேரத்தைப் பார்த்தார். 9.10. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார்" என்றார். "ஆணை கைக்கு வந்தது ஒன்பது பத்து. பயண நேரம் பூஜ்யம். நாம அங்க சேர வேண்டியது ஒன்பது பத்து. இப்ப ஒன்பது பதினாலு."

இயக்குநர் ரோஸ் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாம எல்லாருமே நாலு நிமிஷமா பணிக்கு வரல சார்."

சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்தார். தன் பெயருக்கு நேரே முதலில் சிவப்பில் ஒரு கோடு போட்டார். அப்புறம் எங்களுக்கு. சொன்னேனே, கெட்டவர் இல்லை.

அன்றைய விமானம் போய்விட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் ஏறினோம். இயக்குநர் ஜன்னலோரம். கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். பதிவேட்டில் இல்லாத கடல். ஒரு மணி நேரம் அதைத் தாண்டினோம். அவர் கடிகாரம் அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் அடிகூட எண்ணவில்லை. இறங்க அரை மணி ஆயிற்று.

கிளை அலுவலகம் ஒரே அறை. தபால் அம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அறையில் இருந்த ஒரே நாற்காலி அது. மேசையில் 'உள்வரும் தபால்' என்று எழுதிய தட்டு. அதில் பழைய புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. மகள் டாக்டரிடம் காட்டப் போயிருந்தாளாம். நாங்கள் வரிசையாக நின்றோம். நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான்.

"வாங்க சார்" என்றாள். எழுந்திருக்கவில்லை. "ஆணை எனக்கும் வந்துச்சு. திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு இங்க பணியில இருந்தது நான் ஒருத்திதான். பொறுப்பு எடுத்துக்கிட்டேன்."

"நான் இயக்குநர்" என்றார் இயக்குநர்.

"இருந்தீங்க சார். இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, மணி பத்து இருபது. ஏன் இவ்வளவு லேட்டு?"

"நேத்து விமானம் போயிடுச்சும்மா. இன்னைக்குக் கிளம்பி..."

"பயண நேரம் எவ்வளவு?" பையைத் திறந்தாள். ஐந்து வாரமாகக் கொடுபடாத கடிதத்தை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தாள். கீழே அவர் கையெழுத்து. "பூஜ்யம்னு போட்டிருக்கே."

இயக்குநர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல், தணிந்த குரலில் சொன்னார்: "அம்மா, உங்களுக்குத் தெரியாததா? இங்க கடிகாரம் ஒரு மணி பின்னாடி. நிஜமா பார்த்தா ஒரு மணி நேரம் பறக்கணும்."

தபால் அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்படியாண்ணே?"

"ஆமாம்மா."

"நிஜமாங்கிறதுக்குப் பாரத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" சிவப்பு மையிடம் கையை நீட்டினாள். அவர் தன் பேனாவைக் கொடுத்தார். பெருமையாகவே கொடுத்தார் என்று நினைக்கிறேன். எங்கள் பெயர்களுக்கு நேரே ஒவ்வொன்றாக 'தாமதம்' என்று எழுதினாள். என் பெயருக்கும். "ஊருக்குத் திரும்பிப் போய்ப் புகார் கொடுக்கிறதா இருந்தா கொடுங்க சார். ஆனா திரும்புற வழி இன்னும் அங்கீகரிக்கல. அதுலயும் உங்க கையெழுத்துதான்."

மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே மரத்தடியில் போய் நின்றார்கள். நான் மட்டும் உள்ளே நின்றேன். சட்டைப்பையிலிருந்து பென்சிலும் சின்ன ரூலரும் எடுத்தேன். பாரம் பதினொன்று ஒன்று மேசையில் கிடந்தது.

"ஏம்மா" என்றேன். "போட்டது நான். இப்பப் பொறுப்பு உன்கிட்ட. ஒரு கோடு இழுத்தா நாலாவது கட்டம் ஆச்சு. கடிகார வித்தியாசம்னு எழுதிடலாம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

அவள் பாரத்தைப் பார்த்தாள். தட்டில் கிடந்ததையும் பார்த்தாள். குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்பிற்று.

"போட்டா இந்த ஊர் அறுநூறு கிலோமீட்டர் ஆயிடும்ண்ணே" என்றாள். குரலில் அதிகாரம் இல்லை. பழைய தபால் அம்மாவின் குரல். "அப்ப நான் உள்ளூர்ல இல்ல. அஞ்சு வாரம் சொல்லாம வெளியூர் வந்தவ. ரெண்டாவது தடவை."

ரூலரைப் பையில் வைத்தேன். 'தாமதம்' என்ற இடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

"மணி என்னண்ணே? போட மறந்துட்டீங்க."

என் கடிகாரத்தில் பதினொன்று முப்பது. அவள் தலைக்குமேல் சுவர்க்கடிகாரத்தில் பத்து முப்பது. என் கடிகாரத்தைக் கழற்றி, ஒரு மணி பின்னால் திருப்பிக் கட்டிக்கொண்டு, பத்து முப்பது என்று மையில் எழுதினேன்.